டூர் பஸ் நிற்காத கோயில்

மார்கழி அதிகாலையில் பாலசமுத்திரத்துப் பெருமாள் கோயிலில் திருப்பாவையும், பழனியில் சிவன் சன்னிதிகளில் திருவெம்பாவையும் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அதே பருவத்தில் பாங்காக் நகரில், வெள்ளை உடுத்திக் கொண்டை முடிந்த தாய்லாந்து பிராமணர்கள் கைலாயத்தின் கதவைத் திறக்கும் சடங்கைத் தமிழ்ப் பாட்டு ஓதி நடத்துகிறார்கள். நம் பக்கத்திலிருந்து பாங்காக் போய் வந்தவர்களில் எத்தனை பேர் அந்த இடத்தைப் பார்த்திருப்பார்கள்? அரண்மனை, புத்தர், படகுச் சவாரி, நகைக்கடை என்று ஓடும் டூர் பஸ் பெரும்பாலும் அங்கே நிற்பதில்லை.

சென்னையிலிருந்து மூன்றரை மணி நேரப் பறப்பு. கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் முன்னே தள்ளி வைத்தால் போதும். கையில் ஒரே ஒரு நாள்தான் என்றாலும், காலை எட்டரைக்கு அரண்மனை திறக்கும்போதே வாசலில் இருந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அரைக்கால் சட்டை, கையில்லாத மேல்சட்டைக்கு உள்ளே அனுமதி கிடையாது. வெளியே ‘இன்று அரண்மனை லீவு’ என்று அக்கறையாகச் சொல்லி, ரத்தினக் கடைக்கு ஏற்றிப்போகத் துடிக்கும் டுக்-டுக் ஆசாமிகளைக் கண்டுகொள்ள வேண்டாம்.

1782இல் முதலாம் ராமா தலைநகரை இங்கே மாற்றியபோது எழுந்த அரண்மனை இது. உள்ளே மரகத புத்தர் கோயில். எல்லோரும் புத்தரைப் பார்க்க முண்டுகிறார்கள். வெயில், மழை, குளிர் என்று பருவத்துக்கு ஒன்றாக அவருக்கு மன்னரே பொன்னாடை மாற்றுவார். ஆனால் நான் சொல்வது சுற்றுப் பிராகாரத்தை. 178 சுவரோவியங்களில் முழு ராமாயணமும் ஓடுகிறது. அவர்கள் அதை ராமகியன் என்பார்கள். அதில் அனுமன் உருவத்தைப் பெருக்கி, ராமர் தங்கியிருக்கும் மண்டபத்தையே வாய்க்குள் வைத்துக் காவல் காக்கிறார். இன்னொரு சங்கதி: அங்கே அனுமன் பிரம்மச்சாரி இல்லை. சேது கட்டும் நேரத்தில் ராவணனின் மகளான கடல்கன்னியிடம் மனசைப் பறிகொடுக்கிறார். சனிக்கிழமை தவறாமல் வடைமாலை சாத்தும் நம்மூர் அத்தைமார்களிடம் இதைச் சொல்லும்போது கொஞ்சம் தள்ளி நின்று சொல்வது நல்லது!

வாட் போ கோயிலின் 46 மீட்டர் நீளச் சயன புத்தரையும், எதிர்க்கரைக்குப் படகேறி, சீனப் பீங்கான் துண்டுகள் பதித்த வாட் அருண் கோபுரத்தையும் மதியத்துக்குள் பார்த்துவிடலாம். வாட் போவில் புத்தருக்குப் பின்புறம் 108 வெண்கலப் பாத்திரங்கள் வரிசையாக இருக்கும். சில்லறைக் கிண்ணம் வாங்கி, ஒவ்வொன்றிலும் ஒரு காசு போட்டுக்கொண்டே நடப்பார்கள். மண்டபம் முழுக்க அந்தக் கிணுகிணுப்புதான்.

பிறகு இக்கரைக்குத் திரும்பி, ஆட்டோ பிடித்து ‘பெரிய ஊஞ்சல்’ என்ற இடத்துக்குப் போங்கள். அரண்மனையிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் இருந்தால் அதிகம். 21 மீட்டர் உயரத்துக்குச் சிவப்புத் தேக்குத் தூண்கள் சாலை நடுவே நிற்கும். பலகை கிடையாது. முன்பு திருவிழாவில் ஆட்கள் அணியாக நின்று வானுக்கு உந்தி ஆடி, மூங்கில் உச்சியில் கட்டிய காசுப் பையைப் பல்லால் கவ்வி எடுப்பார்களாம். 1935இல் ஆட்டம் நின்றது. இப்போது நிற்கும் தூண்கள் 2007இல் புதுப்பித்தவை.

பக்கத்திலேயே தேவஸ்தான். 1784இல் கட்டிய கோயில். சிவன், பிள்ளையார், பெருமாள் மூவருக்கும் தனித்தனிக் கட்டடங்கள். கோபுரம் இல்லை, வெள்ளைச் சுவரும் தாய்லாந்துக் கூரையும்தான். மார்கழியை ஒட்டி இங்கே நடப்பது திரியம்பாவாய் – திரிபாவாய் விழா. சிவன் பூமிக்கு வந்து பத்து நாள் தங்குகிறார், பிறகு நாராயணன் ஐந்து நாள். பொரி, கரும்பு, வாழைப்பழம், இளநீர் படைத்து, கடைசியில் அன்னத் தொட்டிலை ஆட்டிச் சாமியை வழியனுப்புகிறார்கள். ஓதும் ஏடுகள் கிரந்தத்தின் வழிவந்த எழுத்தில் இருக்கின்றன. அவற்றில் திருவெம்பாவையும் தேவாரமும் உருமாறிக் கிடப்பதை அறிஞர்கள் அடையாளம் கண்டிருக்கிறார்கள். ராமேஸ்வரம் பக்கமிருந்து வந்தவர்கள் எங்கள் முன்னோர் என்பது அந்தப் பிராமணர்களிடம் வழங்கும் கதை.

உடனே ‘பார்த்தாயா, தமிழன் போகாத இடமில்லை’ என்று வாட்ஸ்அப்பில் மார்தட்டக் கிளம்பிவிடுவோம். எனக்கு அதில் உடன்பாடில்லை. பொருள் விளங்காத பாட்டை, உச்சரிப்பு திரிந்தபோதும் கைவிடாமல் தலைமுறை தலைமுறையாகச் சுமந்தவர்கள் அவர்கள். ஆதரித்தது புத்த மதத்து மன்னர்கள். பெருமை அவர்களுக்கு உரியது. நாம் செய்யக்கூடியது, போய் நின்று ஒரு கும்பிடு போடுவது. சன்னிதி எல்லா நாளும் திறந்திருக்காது. தங்கும் விடுதியில் விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள்.

சாயங்காலத்துக்குச் சீலோம் சாலை மாரியம்மன். 19ஆம் நூற்றாண்டில் குடியேறிய தமிழர் எழுப்பிய கோயில். நம்மூர்ப் பாணியில் வண்ணக் கோபுரம், ஆனால் வரிசையில் நிற்பவர்களில் பெரும்பாலோர் தாய்லாந்துக்காரர்கள். குனிந்து திருநீறு வாங்கிப் பூசிக்கொள்வார்கள். பக்கத்திலேயே புத்தர் சிலைக்கும் ஊதுபத்தி காட்டுவார்கள். நவராத்திரி முடிவில் அம்மன் புறப்பாட்டுக்காக, வங்கிகளும் அலுவலகங்களும் நெருங்கிய அந்தச் சாலையில் போக்குவரத்தையே நிறுத்திவிடுகிறார்கள். தேதியைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருந்தால் அக்டோபரில் அந்த இரவுக்குப் போங்கள், அல்லது மார்கழிக்கு.