காவலூரில் மழை!

ஜவ்வாது மலையில் காவலூர் என்று ஓர் ஊர் இருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 725 மீட்டர் உயரம். 1977 மார்ச்சில் யுரேனஸ் கோளுக்கு வளையங்கள் உண்டு என்று தெரியவந்தபோது, அதற்குச் சான்று தந்த இடங்களில் காவலூரும் ஒன்று. அங்குள்ள வைணு பாப்பு வானாய்வகத்தில் 2.3 மீட்டர் ஆடி கொண்ட பெரிய தொலைநோக்கி 1986இல் திறந்துவைக்கப்பட்டது.

நண்பர்களுடன் நீங்கள் அங்கே போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இரவில் நட்சத்திரங்களைப் படம் பிடிக்கக் காமிராவும் முக்காலியும் சுமந்து வந்தாயிற்று. பிற்பகலில் சடசடவென்று மழை! மழையிலும் மிகுந்த ஈரத்திலும் தொலைநோக்கியின் குவிமாடத்தைத் திறக்க மாட்டார்கள். ஆடியில் நீர் படிந்தால் அதன் மேலுள்ள மெல்லிய அலுமினியப் பூச்சு கெட்டுவிடும். உங்கள் முகமும் வானம் போலவே இருண்டுவிடுகிறது.

அப்படியானால் வந்தது வீண்தானா? இல்லவே இல்லை. இடி ஓசை நின்று அரை மணி நேரம் போகட்டும். பிறகு காமிராவைத் தரைப்பக்கம் திருப்புங்கள்.

துளிக்குள் ஒரு மலை

புல் நுனியில் தொங்கும் துளியை நெருங்கிப் பாருங்கள். உள்ளே எதிர்மலை தலைகீழாகத் தெரிகிறதல்லவா? துளி ஒரு குவிலென்ஸ். அதனுள் புகும் ஒளி விலகி, தலைகீழான சிறு பிம்பத்தை உண்டாக்குகிறது. படம் எடுக்கும்போது புல்லைக் குறிவைக்காமல், துளிக்குள் தெரியும் பிம்பத்தைக் குவியப்படுத்துங்கள். எடுத்த படத்தைத் தலைகீழாகப் பிடித்தால் மலை நேராக நிற்கும்!

அடுத்து, ஒரு சேம்பு இலையைத் தேடுங்கள். துளிகள் அதில் ஒட்டாமல் வெள்ளிக் குண்டுகள் போல உருளும். இலையின் மேல் கண்ணுக்குத் தெரியாத மெழுகு மேடுகள் உள்ளன. அவற்றின் இடையில் காற்று சிக்கிக்கொள்கிறது. துளி அந்தக் காற்று மெத்தையின்மேல் உட்கார்ந்திருக்கிறது. நீரிலிருந்து காற்றுக்குச் சாய்வாகச் செல்ல முயலும் ஒளி முழு அகப்பிரதிபலிப்பு அடைவதால்தான் வெள்ளிப் பளபளப்பு. உருளும் துளி தூசியையும் வாரிக்கொண்டு போகும்.

ஈர மண்ணில் சிவப்புப் பட்டுத் துணுக்கு ஒன்று நகர்கிறதா? அதுதான் தம்பலப்பூச்சி. கால்களை எண்ணுங்கள். எட்டு! ஆகவே பெயரில் பூச்சி என்றிருந்தாலும் அது பூச்சியல்ல, சிலந்தியின் உறவு. கையில் எடுக்காமல் படம் மட்டும் எடுங்கள்.

இரண்டு சாண் வானவில்

மாலையில் வெயில் எட்டிப்பார்த்தால், சூரியனுக்கு முதுகு காட்டி நில்லுங்கள். கையை முழுதும் நீட்டி விரல்களை விரித்தால் ஒரு சாண் சுமார் 20 பாகை. உங்கள் தலையின் நிழலிலிருந்து இரண்டு சாண் தொலைவைச் சுற்றிலும் தேடுங்கள். அங்கேதான் வானவில் தோன்றும். அதன் கோணம் ஏறக்குறைய 42 பாகை. சூரியன் அதைவிட உயரத்தில் இருந்தால் சமவெளியில் நிற்பவர்க்கு வில் தெரியாது. மலைமேல் நின்று பள்ளத்தாக்கைப் பார்ப்பவர்க்கோ வில்லின் கூடுதலான பகுதி தெரியும். படத்தில் வில்லின் உட்புறம் வெளிப்புறத்தைவிட ஒளியாக இருப்பதையும் கவனியுங்கள்.

மேகம் தந்த நோபல் பரிசு

1894 செப்டம்பரில் சி. டி. ஆர். வில்சன் என்ற இளைஞர் ஸ்காட்லாந்தின் பென் நெவிஸ் மலையிலுள்ள வானிலை நிலையத்தில் இரண்டு வாரம் தங்கினார். மலையைச் சூழ்ந்த மேகத்தில் விழுந்த நிழலைச் சுற்றி வண்ண வளையங்களைக் கண்டார். மேகம் மறைக்கிறதே என்று அவர் சலித்துக்கொள்ளவில்லை. ‘இதை ஆய்வுக்கூடத்தில் உண்டாக்க முடியுமா?’ என்று கேட்டார். கண்ணாடிக் கலத்துக்குள் மேகத்தை உண்டாக்கத் தொடங்கினார். அதுவே மேக அறையாக வளர்ந்தது. கண்ணுக்குத் தெரியாத அணுத்துகள்கள் அதனுள் பாயும்போது, அவற்றின் வழிநெடுக நுண்ணிய நீர்த்துளிகள் கோடாகப் படிந்தன. 1911இல் அந்தத் தடங்களைப் புகைப்படம் எடுத்தார். 1927இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது. மேகத்தைப் பார்க்கப் போனவர் அணுவின் துகள்களைப் படம் பிடித்துவிட்டார்!

நீங்களும் ஒவ்வொரு படத்தின் கீழும் நாள், நேரம், சூரியன் இருந்த திசை ஆகியவற்றுடன் ‘ஏன்?’ என்று ஒரு கேள்வியையும் எழுதுங்கள். அப்போது அது வெறும் அழகுப்படமாக இல்லாமல் ஆய்வுக் குறிப்பாகிவிடும்.

இரவு மேகம் கலைந்தால் முக்காலியை விரியுங்கள். காற்றிலிருந்த தூசியை மழை கழுவிவிட்டது. நட்சத்திரங்கள் நேற்றையவிடத் தெளிவாக மின்னக்கூடும். பிற்பகலில் நாம் திட்டித் தீர்த்த அதே மழைதான் வானத்தைத் துடைத்து வைத்திருக்கிறது!