பர்கரின் நடுப்பகுதி வெந்திருக்கிறதா?

1993 ஜனவரியில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ரத்தம் கலந்த வயிற்றுப்போக்கோடு குழந்தைகள் அடுத்தடுத்து மருத்துவமனைக்கு வந்தார்கள். விசாரித்தபோது காரணம் 'ஜாக் இன் தி பாக்ஸ்' கடைகளில் விற்ற ஹாம்பர்கர் என்று தெரிந்தது. நான்கு மாநிலங்களில் 700-க்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள். நான்கு குழந்தைகள் இறந்தார்கள். கொத்திறைச்சி வில்லைகளில் ஈ.கோலை ஓ157 என்ற கிருமி இருந்தது. இறைச்சி 68 டிகிரி செல்சியஸ் சூட்டில் வேகவேண்டும் என்பது வாஷிங்டன் மாநிலத்தின் அப்போதைய விதி. கடைகளிலோ அதைவிடக் குறைந்த சூட்டில் வேகவைத்திருந்தார்கள். அது சிறு கடை அல்ல, பல ஊர்களில் கிளை பரப்பிய பெரிய நிறுவனம்.

முழு இறைச்சித் துண்டில் கிருமிகள் பெரும்பாலும் மேற்பரப்பில்தான் இருக்கும். அடுப்புச் சூடு பட்டதும் செத்துவிடும். அதையே அரைத்துவிட்டால் மேலே இருந்தது உள்ளே போய்விடுகிறது. அதனால்தான் பர்கர் வில்லைக்கு நடுப்பகுதிதான் முக்கியம். மாட்டுக் கொத்திறைச்சி என்றால் 71 டிகிரி, கோழி என்றால் 74 டிகிரி சூடு நடுவில் ஏறவேண்டும். தமிழ்நாட்டுக் கடைகளில் அதிகம் விற்பது சிக்கன் பர்கர். உறைநிலையில் இருக்கும் வில்லையை அப்படியே எண்ணெயில் போட்டால் மேற்பூச்சு சீக்கிரமே பொன்னிறமாகிவிடும். உள்ளே பச்சையாகவே இருக்கலாம். புதிய கடையில் வாங்கியவர் முதல் கடிக்கு முன் வில்லையைப் பிட்டுப் பார்க்கலாம். நடுவில் சில்லென்றோ கொழகொழவென்றோ இருந்தால் தயங்காமல் திருப்பிக் கொடுக்கவேண்டும். நிறத்தை மட்டும் நம்பமுடியாது. வேகாமலே நிறம் மாறிவிடுவதும் உண்டு.

இன்னொரு ஆபத்து மயோனைஸ். பச்சை முட்டையில் செய்த மயோனைஸுக்குத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை விதித்தது. சால்மோனெல்லா, ஈ.கோலை போன்ற கிருமிகள் அதில் பெருகும் என்பதே காரணம். தெலங்கானா 2024 அக்டோபரிலேயே தடை விதித்திருந்தது. முட்டை இல்லாத மயோனைஸ் கிடைக்கிறது. எதைப் போடுகிறீர்கள், எப்போது செய்தது என்று கேட்பதில் கூச்சமே வேண்டாம். முன்னதாக, 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஷவர்மா சாப்பிட்ட 14 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தாள். அதே உணவகத்தில் சாப்பிட்ட பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். பண்டம் வேறு என்றாலும் இறைச்சியைக் கையாளுவதில் நேரும் அலட்சியம் எங்கேயும் ஒன்றுதான்.

கடையில் உணவுப் பாதுகாப்பு உரிமமோ பதிவுச் சான்றோ கண்ணில் படும்படி மாட்டியிருக்கவேண்டும். அதன் 14 இலக்க எண் பில்லிலும் இருக்கவேண்டும் என்பது 2022 ஜனவரி முதல் கட்டாயம். பில் தராத கடையில் பிறகு வழக்காடுவது கடினம்.  

சாப்பிட்டபின் உடம்புக்கு முடியாமல் போனால் முதலில் மருத்துவரிடம் போகவேண்டும். மலத்தில் ரத்தம், விடாத வாந்தி, சிறுநீர் குறைதல், கடும் காய்ச்சல் ஆகியவை தெரிந்தால், குறிப்பாகக் குழந்தைக்கு என்றால், வீட்டு வைத்தியத்தில் நேரம் போக்கக்கூடாது. பேதியை நிறுத்தும் மாத்திரையையும் ஆன்டிபயாடிக்கையும் மருந்துக் கடையில் தாமாக வாங்கிப் போடுவது ஈ.கோலை தொற்றில் சிறுநீரகத்தைப் பாதிக்கும் அபாயத்தைக் கூட்டலாம். உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுத்துக்கொண்டே மருத்துவமனைக்குக் கிளம்பலாம். ஈ.கோலை தொற்று பெரும்பாலும் மூன்று நான்கு நாள் கழித்துத்தான் வெளிப்படும். கடைசியாகச் சாப்பிட்ட உணவின்மேல் மட்டும் பழி போடாமல், ஒரு வாரத்தில் எங்கெங்கே சாப்பிட்டது என்பதை மருத்துவரிடம் சொல்வது அவசியம். உணவு நச்சு என்ற சந்தேகத்தை அவர் சீட்டில் எழுதட்டும். மலப் பரிசோதனை முடிவையும் பத்திரப்படுத்தவேண்டும்.

புகாரில் தாமதம் கூடாது. மறுநாள் கடை கழுவப்பட்டுவிடும்; மீந்த இறைச்சியும் குப்பைக்குப் போய்விடும். உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண் 94440 42322-க்குப் படம், பில், கடை முகவரி அனுப்பினால் அதிகாரி வந்து மாதிரி எடுக்க வழி உண்டு. வாங்கியவரே ஆய்வுக்கு அனுப்பவும் உணவுப் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் அந்த எண்ணத்தை வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லியிருக்கவேண்டும். சாப்பிட்டு நோயுற்றவருக்கு இந்த ஏற்பாடு உதவாது என்பது சட்டத்தில் உள்ள உண்மையான குறை. அதிகாரியை விரைவாக வரவழைப்பதே அவருக்கு நடைமுறை வழி.

உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006-இன் 65-ஆம் பிரிவில் நஷ்டஈடு உண்டு. உயிரிழப்புக்குக் குறைந்தது 5 லட்சம் ரூபாய், கடும் பாதிப்புக்கு 3 லட்சம் வரை, மற்றப் பாதிப்புகளுக்கு 1 லட்சம் வரை. உயிரிழப்பில் 30 நாளுக்குள் இடைக்கால உதவியும் தரவேண்டும்.

இதைத் தவிர, மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் வழக்குத் தொடரலாம். கடை வேறு ஊரில் இருந்தாலும் பாதிக்கப்பட்டவர் தான் வசிக்கும் மாவட்டத்திலேயே மனுக் கொடுக்கலாம். கட்டணம் பண்டத்துக்குக் கொடுத்த விலையை வைத்தே கணக்கிடப்படுகிறது. 5 லட்சம் வரை எதுவும் கட்டவேண்டியதில்லை என்பதால் பர்கர் வழக்குக்குக் கட்டணமே கிடையாது. வழக்கறிஞரும் கட்டாயமில்லை. எப்படித் தொடங்குவது என்று தெரியாதவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்துக் கேட்கலாம்.