மூலமும் உரையும் பிரியாதிருக்க

மூலத்தை மட்டும் வைத்துக்கொண்டால் நமக்குப் புரியாது, உரை வேண்டும். ஆனால் அந்த உரை வேறொரு பாடத்துக்கு எழுதப்பட்டதாக இருந்தால், புரிந்தது போலத் தோன்றும், தப்பாகப் புரியும். இரண்டாவதுதான் பெரிய ஆபத்து. இது ஏட்டுச் சுவடிக்கு மட்டுமல்ல, கணினி நிரலுக்கும் பொருந்தும்.

சில ஆண்டுகளுக்கு முன் நம்ம கடையில் பில் போடும் மென்பொருளைப் புதுப்பித்தார்கள். தள்ளுபடி போக மீதிக்குத்தான் வரி என்றது கையேடு. மென்பொருளோ முழு விலைக்கும் வரி போட்டுவிட்டது. விசாரித்தால், கையேடு பழைய பதிப்புக்கு உரியதாம். ஒரு மாதத்துப் பில்களை நானும் கணக்குப்பிள்ளையும் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து திருத்தினோம். "ஏன் மாப்பிள்ளை இப்படி ஆகுது?" என்று கேட்டேன். "நிரல் எழுதுறது ஒருத்தர், குறிப்பு எழுதுறது இன்னொருத்தர் மாமா. இது மாறினா அதுக்குத் தெரியாது" என்றார். அதன்பின் தேடிப் படித்ததையே இங்கு எழுதுகிறேன்.

இதற்கு அறிஞர்கள் கண்ட வழி, நிரலின் உள்ளேயே விளக்கத்தையும் எழுதி வைப்பது. பிறகு ஒரு கருவி அதைத் திரட்டிப் பக்கங்களாக ஆக்கித் தரும். 1990களில் ஜாவா மொழியோடு வந்த ஜாவாடாக் இவ்வகையில் புகழ் பெற்றது. ஆனால் அருகில் எழுதினால் மட்டும் போதுமா? நிரலைத் திருத்தியவர் பக்கத்து வரியைத் திருத்த மறக்கலாமே!

பைத்தான் மொழியில் 2001இல் சேர்ந்த டாக்டெஸ்ட் இதற்கு ஒரு விடை. விளக்கத்தில் உள்ள எடுத்துக்காட்டையே இயக்கிப் பார்த்து, விடை பொருந்தாவிட்டால் பிழை என்று சொல்லிவிடும். 2015இல் முதல் நிலையான பதிப்பைக் கண்ட ரஸ்ட் மொழியில், ரஸ்ட்டாக் என்னும் கருவி இதே வேலையைச் செய்கிறது. மூன்று சாய்கோடு போட்டு எழுதும் விளக்கத்தில் உள்ள எடுத்துக்காட்டுகள், மற்றச் சோதனைகளோடு சேர்ந்தே சோதிக்கப்படுகின்றன.

ஒரு சான்று. ரஸ்ட்டில் ஒரு சொல்லின் நீளத்தைக் கேட்டால் பைட் கணக்கில்தான் விடை வரும். 'தமிழ்' என்ற சொல்லுக்கு 15 என்று சொல்லும். நம் கண்ணுக்கு 3 எழுத்து. யூனிக்கோடு குறிகள் 5. ஒவ்வொன்றுக்கும் 3 பைட். விளக்கமும் சரியான எடுத்துக்காட்டும் இல்லாவிட்டால், நம் பிள்ளை எழுதும் தமிழ்ச் செயலி அங்கேயே தடுக்கி விழும்.

கருவியும் நாளுக்கு நாள் செம்மைப்பட்டு வந்திருக்கிறது. முன்பு ஒரு விளக்கத்திலிருந்து இன்னொன்றுக்கு இணைப்புத் தர, பக்கத்தின் கோப்பு முகவரியை முழுவதும் எழுத வேண்டும். அதே விளக்கம் வேறிடத்தில் மறுபடி தோன்றினால் இணைப்பு அறுந்துபோகும். 2020 நவம்பரில் வந்த 1.48 பதிப்பு முதல் பெயரை மட்டும் எழுதினால் போதும், கருவியே வழி கண்டுபிடிக்கும். பெயர் தவறானால் எச்சரிக்கும். எடுத்துக்காட்டுகளைத் தனித்தனியாகத் தொகுத்ததால் சோதனை நெடுநேரம் பிடித்தது. 2025 பிப்ரவரியில் வெளியான 2024 எடிஷனில், கூடுமானவற்றை ஒன்றாகச் சேர்த்துத் தொகுப்பதால் நேரம் மிச்சம். நேரம் பிடிக்கும் சோதனையை மனிதன் தள்ளிப்போடுவான் அல்லவா?

இவ்வளவு இருந்தும் ஒரு குறை தீராது. எடுத்துக்காட்டு ஓடுகிறதா என்று கருவி பார்க்கும். அதைச் சுற்றி எழுதிய வாக்கியம் உண்மையா என்று பார்க்காது. தராசு எடையைச் சொல்லும், சரக்கின் தரத்தைச் சொல்லாது. அது எழுதுபவன் பொறுப்பு.

நம் சங்கக் குடும்பங்களில் இத்துறையில் இருக்கும் பிள்ளைகள் பலர். நிரல் எழுதிய அன்றே நாலு வரி விளக்கமும் ஓர் எடுத்துக்காட்டும் எழுதி வையுங்கள். எங்கோ ஒரு கடைக்காரன் அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்குவான்.