உழைப்பும் ஓய்வும்

நொய்யல் ஆற்றங்கரையில் அமைந்த திருப்பூர், பின்னலாடைத் தொழிலால் உலகப் புகழ் பெற்ற நகரமாகும். நூலைத் துணியாகப் பின்னுதல், சாயமேற்றுதல், வெட்டுதல், தைத்தல் எனப் பல வேலைகள் இங்கு இடையறாது நடைபெறுகின்றன. குறித்த நாளில் ஆடைகள் கப்பலேற வேண்டும். ஆதலின் தொழிலாளர், முதலாளி ஆகிய இருசாராரும் மன நெருக்கடிக்கு ஆளாகின்றனர்.

நெருக்கடி நேரும்பொழுது, சிறுநீரகங்களின் மேலுள்ள சுரப்பிகள் மிகுதியாகச் சுரக்கின்றன. நெஞ்சு விரைந்து துடிக்கிறது. இரத்த அழுத்தம் உயர்கிறது. இடர் நீங்கினால் உடல் பழைய நிலையை எய்தும். நெருக்கடி நீடிப்பின், உறக்கம் கெடும், பிணிகள் தோன்றும். நீடித்த நெருக்கடி உடலைத் தளர்த்தும் முறையை ஹான்ஸ் செல்யே என்னும் அறிஞர் 1936ஆம் ஆண்டு முதல் ஆராய்ந்து விளக்கினார்.

இத்தகையோர் சில நாள் தொழிலை விட்டு விலகி, அமைதியான இடத்தில் தங்குதல் நலம் பயக்கும். பொள்ளாச்சியை அடுத்த ஆழியாற்றில், ஆனைமலை அடிவாரத்தில், அறிவுத்திருக்கோயில் அமைந்துள்ளது. 1984ஆம் ஆண்டில் இதனை நிறுவிய வேதாத்திரி மகரிஷி (1911–2006) நெசவாளர் குடும்பத்தில் பிறந்து, தறியில் உழைத்தவர். எளிய உடற்பயிற்சியும் தியானமும் அங்குக் கற்பிக்கப்படுகின்றன.

கற்றவற்றை வீடு திரும்பியபின் கைவிட்டால் பயன் நிலையாது. அங்குச் செல்ல இயலாதவரும் பலர். அவர்களுக்கு நாள்தோறும் போதிய உறக்கமும் வாரம் ஒருநாள் விடுமுறையும் வேண்டும். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் வார விடுமுறையையும், வேலைக்கிடையே அரைமணி ஓய்வையும் உரிமையாக்கியது.

தையற் பொறியையும் அவ்வப்போது நிறுத்தி எண்ணெய் இடுகிறோம். அதனை இயக்கும் மனிதருக்கு ஓய்வு அளித்தல் அதனினும் இன்றியமையாத கடமையன்றோ?