கிணற்று நீர் கெட்டால்: பிணக்கும் பரிகாரமும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் பாயும் ஆறு இல்லை. குடிப்பதற்கும் தோட்டம் இறைப்பதற்கும் மக்கள் பெரிதும் நம்பியிருப்பது கிணற்றையே. நிலத்தின் கீழுள்ள சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகள் வழியாக, மேலே இடப்படும் பொருள் விரைவில் நீரைச் சென்றடையும். ஒருவர் காணியில் இட்டது மற்றொருவர் கிணற்றில் தோன்றும். பிணக்கு இங்கேயே தொடங்குகின்றது.

வீட்டுக்காரர் தோட்டக்காரரின் பசளையைக் குறை கூறுவர். தோட்டக்காரர் வீட்டுக்காரரின் மலகூடக் குழியைச் சுட்டுவர். பெரும்பாலும் இருவர் கூற்றிலும் உண்மையுண்டு. யூரியா, மாட்டெரு, மலகூடக் குழி ஆகிய மூன்றிலிருந்தும் நைத்திரேற்று உண்டாகும். அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. நீரைக் கொதிக்க வைத்தாலும் அது நீங்காது. நீர் வற்ற அதன் செறிவு கூடும். குடிநீரில் அது லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. புட்டிப்பால் அருந்தும் கைக்குழந்தைகளுக்கே இதனால் ஆபத்து அதிகம்.

ஆகவே, பழி கூறுமுன் பின்வருவனவற்றைச் செய்தல் வேண்டும்.

1. ஐயத்துக்குரிய நீரைக் குடிப்பதை நிறுத்திப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவித்தல்.

2. ஒரே நாளில், இரு தரப்பாரும் பார்த்திருக்க, அயற் கிணறுகள் பலவற்றின் நீரையும் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புதல். மலக் கிருமிகள் காணப்படின் குழியையும் மாட்டுத் தொழுவத்தையும் முதலிற் பார்க்க வேண்டும். நைத்திரேற்று மட்டும் கூடியிருப்பின் பசளையை ஐயுறலாம். ஆயினும் குழியை விலக்கிவிடலாகாது.

3. கிணறு, குழி, தொழுவம், தோட்டம் ஆகியவற்றின் இடைத்தூரங்களை அளந்து படம் வரைதல்.

4. முடிவுகளைக் கமக்காரர் அமைப்பின் கூட்டத்தில் வைத்து, ஒவ்வொருவரும் செய்ய வேண்டியதை எழுத்தில் ஒப்புக்கொள்ளுதல். இணக்கம் ஏற்படாவிடின் மத்தியஸ்த சபையை நாடலாம்.

கமக்காரர் மண் பரிசோதனைப்படி பசளையைப் பகுதி பகுதியாக இடுதல் வேண்டும். பசளையிட்டவுடன் மிகையாக இறைத்தலாகாது. மருந்து தெளிகருவியைக் கிணற்றடியிற் கழுவுதல் கூடாது. வீட்டுக்காரர் கசியும் குழியைத் திருத்துதல் வேண்டும். மாரி கழிந்தபின் நீரை மீண்டும் பரிசோதிப்பித்தல் நன்று.

சுன்னாகத்தில் மின் நிலையக் கழிவெண்ணெய் கிணறுகளிற் கலந்தமை பற்றி 2015 இல் வழக்குத் தொடுக்கப்பட்டது. மின் நிறுவனம் 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்த வேண்டுமென உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2019 இலாகும். சான்று இருந்தமையால் நீதி கிடைத்தது; ஆயினும் நான்கு ஆண்டுகள் சென்றன. தீர்ப்பு இழப்பை ஈடுசெய்யலாம். கெட்ட நிலத்தடி நீரை உடனே தூய்மையாக்காது. அயலவர் காலத்தோடு கூடிப் பேசுவதே கிணற்றுக்குக் காப்பாகும்.