வெண்ணெய்க் கோபுரம்

சேந்தமங்கலத்துப் பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போட்ட கட்டில் கிடைத்தது இந்தப் பிரெஞ்சு அஞ்சலட்டை. ரூவான் கதீட்ரலின் மணிக்கோபுரம். பின்பக்கம் நடுவில் கோடு: இடப்புறம் சேதி, வலப்புறம் முகவரி. பிரான்சில் இந்தப் பிரிப்பு 1903 கடைசியில்தான் வந்தது. அதற்கு முன்னால் சேதியைப் படத்து ஓரத்தில்தான் கிறுக்க வேண்டும். (சேலம் மறைமாவட்டத்தின் முதல் ஆயர் பிரெஞ்சுக்காரர், 1930. அட்டை இங்கே வந்ததில் அதிசயமில்லை.)

கோபுரத்தின் பெயர் 'வெண்ணெய்க் கோபுரம்'. அந்நாளில் தவக்காலத்தில் வெண்ணெய் தின்னக் கூடாது. காசு கட்டினால் தின்னலாம். அந்த அனுமதிக் காசும் சேர்ந்துதான் 1485இல் தொடங்கிய இந்தக் கல் மேலே ஏறியது. நாக்கின் மீது போட்ட வரி, வானத்தைப் பார்க்கும் கோதிக் கோடுகளுக்குள் காணாமல் போகிறது. அட்டை அதை இன்னொரு முறை மறைக்கிறது: வீதியில் ஓர் ஆள்கூட இல்லை.

அதே காலத்துப் பாண்டிச்சேரி அட்டைகளில் ஆட்கள் உண்டு, பெயர்தான் இல்லை. அடியில் சாதியோ தொழிலோ அச்சாகியிருக்கும். சட்டகம் ஒன்றுதான்; யாரை வெளியே நிறுத்துவது என்பதுதான் இடத்துக்கு இடம் மாறுகிறது.

எங்க பக்கத்துக் கோயிலில் காலண்டருக்குப் படம் எடுத்தபோது நானும் நின்றிருந்தேன். "கோபுரம் மறைக்குது, தள்ளுங்க" என்றார் கேமராக்காரர். பூக்கட்டும் கிழவி கூடையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தாள்.