கிணற்றுக்கேற்ற எஞ்சின்

கிணற்றுக்கு எஞ்சின் வாங்க விரும்பும் நிலச்சுவான்தார்களில் அநேகர் முதலில் கேட்பது, எத்தனை குதிரைச் சக்தியுள்ளது என்பதேயாம். எஞ்சின் பெரிதானால் தண்ணீரும் பெருகும் என்பது அவர்கள் எண்ணம். தண்ணீரைத் தருவது கிணறு. எஞ்சின் அதை மேலேற்றுவது மாத்திரமே. ஊற்றை அளந்தறியாமல் கடன்பட்டுப் பெரிய எஞ்சின் வைத்தவர், கோடையில் கிணறு சீக்கிரத்தில் வற்ற, பயிரும் வாடிக் கடனும் நிற்கக் காண்பதுண்டு.

ஏற்றமும் கவலையும் இறைத்த காலத்தில் ஆட்களின் பலமும் மாடுகளின் பலமுமே எல்லையாயிருந்தன. ஊற்றுக்கு மிஞ்சி இறைப்பது எளிதன்று. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மாகாணத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் எண்ணெய் எஞ்சினையும் பம்பையும் கிணற்றுப் பாசனத்திற்குச் சோதித்துப் பரப்பினார். அதன்பின் அந்த இயற்கை எல்லை நீங்கியது. ஆகையால், அளவு பார்த்து அமைக்கும் பொறுப்பு இப்போது கிணற்றின் சொந்தக்காரரையே சேர்ந்தது.

ஊற்றை அளக்கும் விதம்

நீர் மிகக் குறைந்திருக்கும் கோடை மாதத்தில் இச்சோதனையைச் செய்தல் வேண்டும். கிணற்றை வழக்கமாக இறைக்கும் மட்டத்திற்கு இறைத்து நிறுத்தி, சுவரில் ஓர் அடையாளமிட்டு, இரண்டு மணி நேரத்தில் நீர் எவ்வளவு ஏறுகிறதென்று பார்க்க வேண்டும். 20 அடி, அதாவது சுமார் 6 மீட்டர் குறுக்களவுள்ள வட்டக் கிணற்றில், ஒரு மீட்டர் ஆழ நீர் ஏறக்குறைய 28,300 லிட்டராகும். இரண்டு மணியில் 60 சென்டிமீட்டர் ஏறினால், ஊற்று மணிக்குச் சுமார் 8,500 லிட்டர். ஒரு நாளைக்கு இரண்டு லட்சம் லிட்டருக்குச் சற்று அதிகம். ஓர் ஏக்கரில் 5 சென்டிமீட்டர் உயரம் நீர் கட்டுவதற்கு இதுவே சரியாயிருக்கும். எந்த எஞ்சினை வைத்தாலும் இத்தொகை பெருகாது.

இக்கிணற்றில் 3 மீட்டர் நீர் நிற்பதாகக் கொள்வோம். வினாடிக்கு 10 லிட்டர் இறைக்கும் பம்பு, சுரக்கும் நீரையும் சேர்த்து, ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஓடும். வினாடிக்கு 20 லிட்டர் இறைக்கும் பம்பானால் 80 நிமிஷத்தில் கிணறு வற்றிவிடும். பிறகு மீண்டும் நிரம்பச் சுமார் பத்து மணி காத்திருக்க வேண்டும். கவனியாமல் ஓடவிட்டால் பம்பு காற்றை இழுக்கும்; நீரின்றிச் சுழன்று தண்டைச் சுற்றியுள்ள அடைப்புக் கயிறு கருகும்.

குதிரைச் சக்திக் கணக்கு

வினாடிக்கு எத்தனை லிட்டர் என்பதை, ஏற்ற வேண்டிய மொத்த உயரத்தின் மீட்டரால் பெருக்கி 75-ஆல் வகுத்தால், நீரை ஏற்றுவதற்கு மாத்திரம் வேண்டிய குதிரைச் சக்தி கிடைக்கும். மொத்த உயரம் என்பது, நீர் மிகத் தாழ்ந்த நிலையிலிருந்து பம்பு வரை உள்ள உயரமும், பம்பிலிருந்து வாய்க்கால் தொட்டி வரை உள்ள உயரமும், குழாயின் உராய்வுக்காகச் சேர்க்கும் உயரமும் ஆகும்.

உறிஞ்சும் உயரம் 5 மீட்டர், தள்ளும் உயரம் 5 மீட்டர், உராய்வுக்கு 2 மீட்டர், ஆக 12 மீட்டர் எனக் கொள்க. 10 லிட்டருக்குக் கணக்கு 1.6 குதிரைச் சக்தி. பம்பில் பாதி சக்தி வீணாவதாக வைத்தால் 3.2, வார்ப்பட்டையின் நஷ்டத்திற்கும் சேமிப்புக்கும் சேர்த்து 4 அல்லது 5 குதிரைச் சக்தி எஞ்சின் போதும். அதே குழாயில் 20 லிட்டர் ஓட்டினால் உராய்வு இருமடங்கன்று, நான்கு மடங்காகி 8 மீட்டராகும். மொத்த உயரம் 18 மீட்டர். பம்பிற்கு வேண்டிய சக்தி 9.6 ஆகும். நீர் இருமடங்கு, சக்தியோ மும்மடங்கு!

குழாயை மாற்றுவதே பல சமயங்களில் எஞ்சினை மாற்றுவதினும் மலிவு. 80 மில்லிமீட்டர் குழாய்க்குப் பதில் 100 மில்லிமீட்டர் குழாய் இட்டால், அதே நீருக்கு உராய்வு ஏறக்குறைய மூன்றிலொரு பங்காகக் குறையும். உறிஞ்சும் உயரம் 6 மீட்டருக்கு மேற்படாதபடி பம்பைக் கிணற்றினுள் தக்க மேடையில் இறக்கி வைப்பதும் அவசியம். எவ்வளவு பெரிய எஞ்சினானாலும் அவ்வெல்லையை அதிகம் கடத்த இயலாது; நீரை மேலே தள்ளுவது வெளிக் காற்றின் அழுத்தமேயன்றி எஞ்சினன்று.

பெரிய எஞ்சினின் தீமை

சிறிய பம்பிற்குப் பெரிய எஞ்சினைப் பூட்டினால் நஷ்டமில்லையே என்று சிலர் கருதலாம். பாதிச் சுமைக்கும் கீழே எப்போதும் ஓடும் டீசல் எஞ்சின், இறைக்கும் நீருக்கு அதிக எண்ணெய் செலவிடுவதுடன் உள்ளே கரியும் படியும். பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டும் எஞ்சினாயின், சுமை குறைந்தால் போதிய சூடு ஏறாது. ஆவியாகாத மண்ணெண்ணெய் கீழே வடிந்து மசகெண்ணெயை நீர்க்கச் செய்யும். அதனால் தேய்மானம் மிகும்.

இவ்வித எஞ்சினில் பலம் கூட்டுவதற்கென்று பெரிய கார்புரேட்டர் மாட்டுவதும் இவ்வகைத் தவறேயாம். எஞ்சின் இழுக்கும் காற்றை அதன் கொள்ளளவும் சுழலும் வேகமும் நிர்ணயிக்கின்றன. கார்புரேட்டரின் கழுத்து அதற்கு மிஞ்சி அகன்றால் காற்றின் வேகம் தணிந்து, எண்ணெய் நன்றாய்ச் சிதறாமல் துளிகளாய்ச் செல்லும். எஞ்சின் இருமிப் புகையும். கழுத்து மிகக் குறுகினாலோ முழுச் சுமையில் மூச்சு முட்டும். தயாரித்தவர் குறித்த அளவே தக்கது.

ஆகையால் கிணறு, உயரம், குழாய், பம்பு, எஞ்சின் என்ற வரிசையில் ஒவ்வொன்றையும் தீர்மானித்தல் வேண்டும். கடைசியில் வரவேண்டியதை முதலில் வாங்குதல் கூடாது. கிராம உத்தியோகஸ்தர்களும் தங்கள் ஊர்க் கிணறுகளின் கோடை ஊற்றை ஆண்டுதோறும் அளந்து எழுதி வைக்கும்படி குடியானவர்களைத் தூண்டுவார்களாயின், அக்குறிப்பே பல குடும்பங்களை வீண் கடனினின்று காக்கும். அளப்பதற்கு வேண்டுவது ஒரு கயிறும், ஒரு கடிகாரமும், ஒரு காலைப் பொழுதுமேயாம்.